சாதிலிங்கம் உண்டாகும் இடம்

முதலில் வாசனை.
அழுகிய முட்டை என்பார்கள் எல்லோரும்.
நான் கந்தகம் என்று எழுதுவேன்,
அதற்குத்தான் சம்பளம்.

பாகலூர் தாண்டி, பலகை இல்லாத திருப்பம்.
கேட்டில் முனிவெங்கடப்பா கையெழுத்து வாங்கிக்கொண்டு
மாஸ்க் இரண்டாகப் போடச் சொல்கிறார்.
அவர் ஒன்றும் போடுவதில்லை.
குப்பைக்குள் செருகிய குழாயில்
கயிறு கட்டிப் புட்டியை இறக்குகிறேன்.
நாற்பதாவது அடியில் கருஞ்சாறு.
அதற்குக் கீழே இன்னும் நூறு அடிக்குக் குப்பை.
அதற்கும் கீழேதான் தரை.

தரைக்கு வயது முந்நூறு கோடி.
அதில் ஓடு இல்லை, எலும்பு இல்லை, இலை இல்லை.
கண் என்று ஒன்றே அப்போது பிறந்திருக்கவில்லை.
ஆழத்தில் வெந்து மடங்கி, மறுபடி வெந்து
வெள்ளையும் கருப்புமாய் வரிவரியாய் ஏறி வந்த பாறை.
குறுக்கே இளஞ்சிவப்பில் ஒரு நரம்பு.
கிழக்குச் சுவரில் மட்டும் அது இன்னும் தெரிகிறது.
லாரிகள் அந்த உயரத்துக்கு இன்னும் வரவில்லை.

அதே சுவரில் துளைத்தடங்கள்,
நெடுக்கில் பிளந்த மூங்கில் போல,
வரிசை பிசகாமல்.
கரி, வெடியுப்பு, கந்தகம்.
ஒப்பந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டியிருந்த
குவாரி நோட்டில் இருக்கிறது:
எழுபத்தெட்டு ஆகஸ்ட், கந்தகம் பன்னிரண்டு கிலோ.
திரி வைத்தவர் வேடியப்பன், அரூர் பக்கம்.
நோட்டில் இரண்டு தடவை வருகிறார்.
ஒரு தடவை கூலி.
ஒரு தடவை,
'வே. வலது கண். ரூ. 400.'

கல் எங்கே போனது என்று கேட்டால்
சாக்கடை மூடி, வேலிக்கால்,
ஏதோ ஒரு பாங்கின் படிக்கட்டு.
குழி மட்டும் எங்கேயும் போகவில்லை.
மழை நிரம்பி மூன்று வருடம் ஏரி போலக் கிடந்தது.
நீந்தப் போன பையன்களின் பெயர்
போலீஸ் கோப்பில் இருக்கும், என்னிடம் இல்லை.
பிறகு இரவு லாரிகள்.

லாரி கவிழ்கிற சத்தத்தில்
ட்யூப் லைட்டை மட்டும் எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியும்.
வெடிப்பதில்லை அது.
மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது.
குழலுக்குள் கடுகை விடச் சின்னதாய் ஒரு மணி ரசம்.
ஒயிட்ஃபீல்டில் எத்தனை மாடி,
மாடிக்கு எத்தனை மேஜை,
மேஜை மேல் எத்தனை குழல்.
எல்.ஈ.டி. வந்த வருடம்
எல்லாம் கழன்று இங்கே இறங்கின.

ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால்
கந்தகப் பொடி தூவுவோம்.
ஓடித் திரிகிற ரசம் அதைக் கட்டிக்கொண்டு
கருத்து நின்றுவிடும்.
கீழேயும் அதுதான் நடக்கிறது,
யாரும் தூவாமலே.
காற்றில்லாத இருட்டில்
ஜிப்சம் பலகையும் சோறும் முடியும் அழுகி
கந்தகம் விடுகின்றன, ரசம் பிடித்துக்கொள்கிறது.
இப்போதைக்குக் கருப்பு.
கருப்பு சிவப்பாக எத்தனை எரு வேண்டும் என்று
சிவாஜிநகர் நாட்டுமருந்துக் கடையில் சொல்வார்கள்.
மண்ணுக்கு அவசரமில்லை.

எனக்குத் தெரிந்த ரசச் சுரங்கமெல்லாம்
கீழிருந்து ஊறியவை.
எரிமலை ஓரத்து வெந்நீர்
பிளவு பிளவாய் ஏறி, ஆறி, சிவந்து படிந்தவை.
எவரோ ஒருநாள் இங்கே துளையிட்டு
சாதிலிங்கத் துணுக்கு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.
எரிமலையைத் தேடுவார்.
வெந்நீர் வந்த வழியைத் தேடி
பாறையை விரலால் தடவிக்கொண்டே போவார்,
கிடைப்பது அந்தப் பாதி மூங்கில்கள்தான்.

புட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன்.
படிவத்தில் 'மூலம்' என்று ஒரு கட்டம்.
போன மாதம் காலியாய் விட்டேன்,
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இந்த மாதம் 'மேலே' என்று எழுதியிருக்கிறேன்.

முனிவெங்கடப்பா நோட்டை நீட்டுகிறார்.
வெளியேறிய நேரம்
பதினொன்று நாற்பது.