இரண்டு மாத்திரை

மின்விசிறியை நிறுத்துகிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன்.
மஞ்சக்குப்பம் சாலையில் ஒரு தனியார் பேருந்து
ஹாரனை ஊதி முடிக்கும்வரை
இருவரும் வேர்த்துக் காத்திருக்கிறோம்.

அஞ்சலாட்சி, நாற்பத்தாறு, சிங்காரத்தோப்பு.
துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர்.
குரல்நாணில் இரண்டு முடிச்சு என்று
டாக்டர் எழுதியனுப்பிய சீட்டைக் காட்டுகிறார்.
"எம்மாம் பெருசு?"
உப்புக்கல் அளவு என்கிறேன்.
"உப்பா? அதான பாத்தேன்."

வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மைக்.
பேச வேண்டாம், பெயர் வேண்டாம்,
மெய் எதுவும் ஒட்டாத
ஓர் உயிர் போதும் எனக்கு.
ஆ-ன்னு சொல்லுங்க. தம் இருக்கிறவரைக்கும்.

திரையில் கோடு எழுந்தது.
சல்லடையில் மணல் விழுகிற சத்தம்,
நடுவே எங்கோ ஒரு குரல்.
நூற்று நாற்பத்தெட்டு ஹெர்ட்ஸ்.
நடுக்கம் மூன்று சதவீதத்துக்கு மேல்.
ஆறாம் நொடியில் அறுந்தது.

இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை.
என் படிவத்தில் பதினைந்து நொடி.
"மாத்திரை குடுப்பீங்களா?" என்கிறார்,
ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல.

மாத்திரை இல்லை. பேசாமல் இருக்க வேண்டும்,
ஏழு நாள்.
"யாரு கூவுறது?"
வேறு யாராவது.
"எங்க ஓர்ப்படி கூவுனா
மத்தி வெலைக்கு வஞ்சிரம் போவும் சார்."

பிறகு என் படிவத்தைத் தலைகீழாகப் படித்து,
"இன்னா வந்துது?"
ஆறு.
"இன்னா வேணும்?"
பதினஞ்சு.

நாற்காலியில் நிமிர்ந்தார்.
மேஜைமேல் கிடந்த ஸ்டேப்ளரைத் தூக்கிப் பிடித்தார்,
ஒரு கூடை சங்கராவைப்போல.
ஆறு, ஆறு, ஆறேகால், ஆறரை,
பாத்துக் கேளு சார், ஏழு! ஏழேய்!

சிரிக்கப் போய் இருமினார். நெடுநேரம்.
மைக் திறந்தே இருந்திருக்கிறது.

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.
சாக்கும் மணலும் இருமலும்தான் எல்லாம்.
அந்தக் கடைசி ஏழில் மட்டும், கால் நொடிக்கு,
கோடு வழவழவென்று போகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
நீட்டிய உயிரைத்தான் அளக்க வேண்டும்,
அதிலும் தொடக்கமும் முடிவும் கழித்து
நடுவில் மூன்று நொடி.
விற்கிற உயிரை எந்தக் கட்டத்தில் போட?
கோப்பை அழிக்கவில்லை.
'பிற' என்று பெயரிட்டு வைத்தேன்.

மூன்று முறை எடுக்க வேண்டும்
என்று சொன்னேன்.
தண்ணீர் குடித்தார்.
வெளியே இன்னொரு பேருந்து. காத்திருந்தோம்.
இரண்டாவது பதிவு.
அஞ்சலாட்சி மூச்சை இழுக்கிறார்.