இரண்டாம் சுற்று

நுகுவாலோபா துறைமுகத்தில்
பெட்டிகளின் எடையை எழுதுவது என் வேலை.
நியூசிலாந்திலிருந்து வந்திறங்கும் ஆட்டு விலாக் கொழுப்பு,
உறைந்து, வெள்ளைவெளேரென்று,
பெட்டிக்கு இருபது கிலோ.
இருபத்திரண்டு வருஷத்தில்
எத்தனை டன் என் பேனா வழியே
டோங்காவின் அடுப்புகளுக்குப் போயிற்றோ.
என் எடையை மட்டும்
நாற்பத்தாறு வயதுவரை யாரும் எழுதவில்லை.

சர்க்கரை என்று தெரிந்த நாளில்
ஆஸ்பத்திரித் தராசில் ஏறினேன்.
முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றது.
"உங்கள் கிடங்கில் பெரிய தராசு இருக்குமே"
என்றாள் நர்ஸ் கலோலைன்,
கிண்டல் துளியும் இல்லாமல்.
மறுநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து
சரக்குத் தராசில் ஏறினேன்.
நூற்று அறுபத்தொன்று.
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
'சரக்கின் தன்மை' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

முதல் வருஷம் சுலபம்.
விடியுமுன் கடலோரச் சாலையில் நடந்தேன்,
நாய்களுக்காகக் கையில் ஒரு கல்லோடு.
தேங்காய்ப்பாலும் டின் மாட்டிறைச்சியும்
சேம்பிலையில் பொதிந்து வேகும் ஞாயிறுகளில்
பொதியைப் பிரித்து
இலையை மட்டும் தின்றேன்.
இருபத்தொன்பது கிலோ போயிற்று.
தேவாலயத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக்
கைதட்டினார்கள்.
அதே வாசலில் என் மனைவியைத் தனியே அழைத்து
"என்ன வியாதி, மறைக்காதே" என்றார்கள்.

விசேஷத்துக்கு இடுப்பில் பாய் கட்டுவோம்.
அதை இறுக்கும் தென்னங்கயிறு
முன்பெல்லாம் ஒரு சுற்றுக்கே திணறும்.
இப்போது இரண்டாம் சுற்றும் வந்து
ஒரு சாண் மிஞ்சியது.
அந்த ஒரு சாணை
நாள் முழுக்க விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஏழு கிலோ திரும்பி வந்தது.
கதவைத் தட்டவில்லை.
வெளிநாடு போய் வந்த உறவினன் போல
உள்ளே வந்து உட்கார்ந்தது.
தன் நாற்காலி எது என்று கேட்கவே இல்லை.

கலோலைன் திட்டவில்லை.
சனிக்கிழமை ராத்திரி எங்கே போவீர்கள் என்றாள்.
காவா குடிக்க.
கசப்புக்கு என்ன செய்வீர்கள்?
மிட்டாய்.
எத்தனை?
எண்ணியதில்லை.
எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அண்ணன் செபுலோனிக்கும்
அதே வருஷம்தான் அதே கிளினிக்கில் சீட்டு போட்டார்கள்.
வாயைக் கட்டி வாழ்வதும் ஒரு வாழ்வா என்பான்.
முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள்.
பிறகு முழங்காலுக்குக் கீழே.
தட்டு வந்தது, அவன் சாவு வீட்டில்.
அங்கே வேண்டாம் என்பது
அழாமல் இருப்பதற்குச் சமம்.
தின்றேன். அழுதபடி, ருசித்தபடி.
பரிமாறும் பையன் இரண்டாம் முறை வந்தபோது
தட்டின் மேல் கையை விரித்து வைத்தேன்.
கரண்டியோடு அவன் நின்றான்.
அண்ணன் மனைவி பார்த்தாள்.
கையை எடுக்கவில்லை.
மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை.
நான்காம் மாதம் விடியற்காலையில்
என் வாசலில் நின்றாள், செருப்பு மாட்டி,
எதுவும் சொல்லாமல்.

இது எட்டாவது வருஷம்.
நூற்று நாற்பது.
போன வருஷமும் நூற்று நாற்பது.
இதற்கு யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.
கலோலைன் வவாவு தீவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.
புதிதாக வந்த பெண்
அட்டையின் கடைசி வரியை மட்டும் பார்த்து
"கொஞ்சம் எடை குறைக்க வேண்டும், ஐயா" என்றாள்.
சரி என்றேன்.
புதுத் தராசு வாங்கியிருக்கிறார்கள்,
இருநூற்றைம்பது கிலோ தாங்கும்.

ஏறும் முன்
சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்து
அவள் மேஜையில் வைத்தேன்.
அதே கல்தான், எட்டு வருஷமாக.
எந்த நாய் மீதும் இன்னும் எறியவில்லை.