மூன்று பாகை

பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மூன்றாம் மாடிக் கூரையில் நிற்கிறது அன்ரெனா.
கீழே நான். என் கைக்கெட்டும் தூரத்தில்
பல நிலைகளுக்குத் திரும்பும் சுவிட்சு.

‘தேடு’ என்றால்
சுருள் சுருளாய் வானத்தைத் துழாவும்,
மின்சாரம் போன அறையில்
விழுந்த தோட்டுச் சுரையைத் தேடும் விரல்போல.
‘தொடர்’ என்றால்
கிடைத்த சிக்னலை விடாது;
மயிரிழை இடம், மயிரிழை வலம்
அசைந்து பார்த்து, கூடும் பக்கம் சாயும்.
‘நிரல்’ எதையும் கேளாது.
நேற்றெழுதிய அட்டவணைப்படி திரும்பும்,
செய்மதி வந்தாலும் வராவிட்டாலும்.
புயலுக்கு ‘மடக்கு’: உச்சியை நோக்கிப் பூட்டிக்கொள்ளும்.
கிண்ணத்தில் மழை தேங்கும்.
விடிய நான்தான் ஏறி இறைக்க வேணும்.

அன்று மழை விட்டு, காற்றும் விழுந்திருந்தது.
குருநகர்ப் படகொன்று இரண்டு நாளாய்த் திரும்பவில்லை.
அதிலுள்ள கருவி செய்மதிக்குச் சொல்வதை
செய்மதி எனக்குச் சொல்ல வேண்டும்.
இரண்டு நாற்பதுக்கு எழும், மண்டைதீவுப் பக்கம்,
மூன்று பாகை உயரத்தில் பிடிக்கலாம்.
ஒன்பது நிமிடம்.

‘தொடர்’இல் விட்டேன். பிடித்தது.
படகுக்காரனின் மனைவி ஜஸ்ரினா
கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.
ஏற வேண்டிய கோணம் இறங்கியது:
இரண்டு. ஒன்று. பூச்சியம். கழித்தல் ஒன்று.

வானத்தில் கழித்தல் கிடையாது.
அலையற்ற கடனீரேரியில் விழுந்த செய்மதியை
அசலென்று நம்பி
அன்ரெனா குனிந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தானே கேக்குது?”
“நல்லாத்தான் கேக்குது. ஆனா அது தண்ணி.”

கைமுறை.
சக்கரத்தைச் சுற்றினேன்.
நல்ல சிக்னலை விட்டு நிமிர்ந்தது கிண்ணம்.
ஊசி விழுந்தது.
“எங்க திருப்பிறீங்கள்?” என்றாள்,
என் தோளைப் பிடித்து உலுக்காத குறையாக.
நாலு பாகையில் வெறும் இரைச்சல்.
ஐந்தில், அரிசியில் கல் கடிபட்டதுபோல்
ஒன்று.

பிறகு அது தொலைபேசிக் கோபுரத்தின் பின்னால் போனது.
அதற்கும் ஒரு நிலை உண்டு: ‘நினைவு’.
கடைசியாக அறிந்த வேகத்தில்
ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தபடி
பத்து வினாடி நகரும்.
அதற்குமேல் கைவிடும்; அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.
ஏழு எண்ணினேன். எட்டு.
கோபுரத்தின் மறுபக்கம்
அங்கேயே இருந்தது.

எண்கள் வந்தன. வாசித்தேன்.
ஜஸ்ரினாவுக்கு அகலாங்கு தெரியாது,
வரைபடத்தில் நான் வைத்த விரலைத் தெரிந்தது.
“இரணைதீவுக்கு அங்கால,” என்றாள்.
“எண்ணெய் முடிஞ்சிருக்கும். அளந்து ஊத்தச் சொன்னனான்.
வரட்டும்.”
படியிறங்கும்போதே
யாருக்கோ தொலைபேசியில் கத்தத் தொடங்கிவிட்டாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
02.43, ‘தொடர்’ நீக்கம், கைமுறை.
காரணம் என்ற கட்டம் மிகச் சிறியது.
‘தண்ணீர்’ என்று எழுத இடமிருந்தது.