தலைக்கு இவ்வளவு

வல்டிவியாவில் ஜூலை.
பதினோரு நாளாக மழை விடவில்லை.
ரத்த வங்கியின் இரண்டாம் மாடியில்
விலைப்புள்ளியைத் திறந்துவைத்திருக்கிறேன்,
நான்காம் பக்கம், பொடி எழுத்து.

செப்டம்பரில் டேட்டாபேஸைப்
புதிய பதிப்புக்கு மாற்றியாக வேண்டும்.
அதன் பிறகு பழையது படுத்தால்
பார்க்க ஆள் வராது என்பதை
நாசூக்காக எழுதியிருக்கிறார்கள்.

லிசாந்த்ரோ சந்தியாகோவிலிருந்து பேசினான்.
இரண்டு வழி, சென்யோரா.
தலைக்கு இவ்வளவு என்று கட்டலாம்,
இல்லை, கோருக்கு இவ்வளவு என்று.
உங்களுக்குத் தலைதான் மலிவு.
அவன் குரலுக்குப் பின்னால்
யாரோ காப்பிக்கொட்டை அரைத்தார்கள்.

சர்வரில் இரண்டு பிராசசர், இருபது கோர்.
வேலை செய்வது மூன்றரை.
மீதி, முன்னாள் இயக்குநரின் கௌரவம்;
இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.
பராமரிப்புக் கட்டணம் தனி, வருடா வருடம்.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.

சரி, தலைகளை எண்ணுவோம் என்று
பயனர் பட்டியலை இறக்கினேன்.
முப்பத்தொன்பது பெயர்.
வண்டியோட்டி அபெலார்தோ:
ஒரே ஒரு முறை நுழைந்து
கடவுச்சொல்லை மறந்தவர். நீக்கு.
பயிற்சிக்கு வந்துபோன இரண்டு மாணவர்கள். நீக்கு.
சோதனை ஒன்று, சோதனை இரண்டு:
மனிதர்களே இல்லை. நீக்கு.
ஒவ்வொரு தலைக்கும் இத்தனை பெசோ மிச்சம்.
விரல் ருசி கண்டுவிட்டது.

எதெல்மிரா பாய்ஜாலெஃப்.
போன வருடம் மார்ச்சில் புதைத்தோம்.
அலுவலகத்தின் சார்பில் பூ வாங்கியது நான்தான்.
விரல் பொத்தான்மேல் இருந்தது.
கடைசியாக நுழைந்த நேரம்:
இன்று, அதிகாலை மூன்று பன்னிரண்டு.

நேற்றும்.
முந்தாநாளும்.
பதினாறு மாதமாகச் செத்தவள் வந்து
ரத்தம் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.
பை எண், நோயாளி எண்,
சரிபார்த்தவர்: எதெல்மிரா.
ஒரு பிழை இல்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
மூன்று மணிக்குக் கீழே இறங்கினேன்.
குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.
ஆற்றோரம் கடற்சிங்கம் ஒன்று
யாரையோ திட்டுவதுபோல் கத்தியது.
ஹைட்டியிலிருந்து வந்த மிர்லாந்த்
பையின் பட்டையை ஸ்கேனரால் வருடிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

எனக்கென்று கணக்கு கேட்டு எழுதினேன், மூன்று முறை.
லைசென்ஸ் இல்லை என்று பதில் வந்தது.
ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எதெல்மிரா
என் கையைப் பிடித்து
உள்ளங்கையில் கடவுச்சொல்லை எழுதினாள்.

பதில் எழுதியது யாரென்று அவள் கேட்கவில்லை.
மூன்றிலும் அடியில் இருப்பது என் பெயர்.

கோருக்கு, என்றேன் மறுநாள்.
இருபதுக்குமா? இரட்டிப்பாகுமே, சென்யோரா.
பத்துக்கு.
இயந்திரத்தில் இருபது இருக்கிறதே.
ஞாயிற்றுக்கிழமை வரை.

ஞாயிறு நான்கு மணி நேரம்
எல்லாரும் காகிதத்தில் எழுதினார்கள்.
மூடியைக் கழற்றி, விசிறியைத் தூக்கி,
ஒட்டியிருந்த பசையைத் துடைத்து
ஒரு பிராசசரை வெளியே எடுத்தேன்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
காலிக் குழிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி.
அதை நம்பியிருந்த பாதி நினைவகமும் போயிற்று.
சர்வர் முனகிக்கொண்டுதான் எழுந்தது.
எழுந்தது.

அப்படியும் தலைக்கணக்கைவிட
நான்கு லட்சம் பெசோ கூடுதல்.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
"இனி யாரையும் எண்ண வேண்டியதில்லை" என்று எழுதினேன்.
நிதிப்பிரிவு கேள்விக்குறி போட்டுத் திருப்பியது.
அதையே மறுபடி எழுதி அனுப்பினேன்.
மூன்று முறை.

எதெல்மிராவை நீக்கவில்லை, பூட்டிவைத்திருக்கிறேன்.
அவள் பெயரில் போன பைகளுக்கெல்லாம்
ஒரு விளக்கக் குறிப்பு எழுதியாக வேண்டும்.
முதல் வரி வரவில்லை.

செப்டம்பரில், புதுப் பதிப்பில்,
சோதனைக்கு அடித்த முதல் பட்டை:
சரிபார்த்தவர்: மிலாந்த்.
மிர்லாந்த் அதை வாங்கிப் பார்த்தாள்.
பையிலிருந்து பேனா எடுத்து
நான் விட்ட எழுத்தை
நடுவில் செருகிக்கொண்டாள்.