பதினேழாம் எண் கரை

யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை.
வரைபடத்தில் பதினேழு, அவ்வளவுதான்.
ஓக்லஹோமாவின் செம்மண்ணை
அறுபத்தோராம் வருடக் கோடையில்
புல்டோசரால் குவித்து, உருளையால் மிதித்து,
மேலே புல் விதைத்துவிட்டுப் போனார்கள்.
ஐம்பது வருடம் தாங்கும் என்கிறது கோப்பு.
கரை கோப்பு படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது அங்குலம் மழை.
வெர்னா ஸ்டக்கி தன் மாடுகளை
டார்ச் வெளிச்சத்தில் மேட்டுக்கு ஏற்றினாள்.
எண்ணினாள், நாற்பத்து மூன்று.
மறுபடி எண்ணினாள், நாற்பத்திரண்டு.
அணை வேலை செய்தால் அவள் புல்வெளி முழுகும்.
அதுதான் ஒப்பந்தம்.
அவள் மாமனார் ஒரு டாலர் வாங்கிக்கொண்டு
கையெழுத்துப் போட்டது.

தண்ணீர் ஏறி ஏறி
கலிங்குக்கு ஒரு சாண் கீழே நின்றது.
நின்று யோசித்தது.
பிறகு தூம்பு வழியாக,
முப்பது அங்குலக் குழாய்க்கு எவ்வளவு முடியுமோ
அவ்வளவாக,
பத்து நாள் இறங்கியது.

கீழே கார்வெல்லில்
ஒன்றும் நடக்கவில்லை.
பேக்கரியில் மூன்று மணிக்கு மாவு பிசைந்தார்கள்.
முதியோர் இல்லத்தில் ஒருத்தி
குடிக்கத் தண்ணீர் கேட்டு மணியடித்தாள்.
சனிக்கிழமை சாப்ட்பால் போட்டி,
மைதானம் சற்று ஈரம் என்று
பத்திரிகையில் இரண்டு வரி.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.
போட்டபின் வராமல்போன வெள்ளத்தை
எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது?

பதினோராம் நாள் நான் கரையில் நடந்தேன்.
சம்பளத்துக்கு நடக்கிறவன் நான்.
வேலிக்கம்பியில் ஈரத்துணி போலத் தொங்கின
சோளத்தட்டைகள்.
சேற்றில் பாதி புதைந்து ஒரு கன்றுக்குட்டி,
காதில் மஞ்சள் வில்லை.
கரையின் பின்சரிவில் வளைக்கரடி தோண்டிய பொந்து.
கையை விட்டேன். முழங்கை போனது.
தோளும் போனது.

படிவத்தில் 'சேதம்' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதும்போது
வெர்னா எட்டிப் பார்த்தாள்.
"என் வேலி?"
அது அணையில் சேராது.
"கன்று?"
அதுவும்.

சற்று நேரம்
தூரத்துத் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கார்வெல் என்று பெரிய நீல எழுத்து.
"சாப்ட்பாலில் யார் ஜெயித்தது?"
"கார்வெல் தோற்றது. பதினொன்றுக்கு இரண்டு."
"நல்லது" என்றாள்.
வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து
பொந்துக்குள் மண் தள்ளினாள்.

"சும்மா போட்டால் நிற்காது" என்றேன்,
"அரையடிக்கு ஒருதரம் மிதிக்கணும்."

என்னைப் பார்த்தாள்.
மிதித்தாள்.