கீழிருந்து மூன்றாவது கம்பி

எதைக் கடித்தான் என்று கேட்டார் டாக்டர் நாகவேணி.
எலும்பு என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு,
பாய்க்கடையில் சும்மா கொடுத்தது,
கொஞ்சம் பெரியது, என் தப்புதான் என்று
கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

சுண்டல் மேசைமேல் நின்றான்.
எஃகுத் தகட்டில் நகம் வழுக்க வழுக்க
நான்கு காலையும் ஒரே இடத்தில் வைக்கப் பார்த்தான்.
அவன் மேலுதட்டை அவர் கட்டைவிரலால் தூக்கியபோது
என் வாயும் திறந்துகொண்டது.
இடது கோரைப்பல் பாதிதான் இருந்தது.
முறிந்த இடத்தின் நடுவே
குண்டூசித் தலையளவு சிவப்பு.
நரம்பு, என்றார். காற்றுப் பட்டாலே வலிக்கும்.
எத்தனை நாளாக?

தண்ணீரை ஒரு பக்கமாகச் சாய்ந்து குடித்தது
எப்போதிலிருந்து?
பந்தைக் கவ்வி வந்து பாதியிலேயே கீழே விட்டது?
சோம்பேறி ஆகிவிட்டாய் என்று
அவன் காதைச் செல்லமாகத் திருகினேனே,
அது எந்தக் கிழமை?

டாக்டர் டார்ச்சைத் திருப்பி
நல்ல பல்லின் பின்புறத்தைக் காட்டினார்.
சாவி உரசி உரசித் தேய்ந்த பூட்டுவாய்போல
அரைவட்டமாக ஒரு பள்ளம்.
அதன் இடுக்கில் ஒரு துணுக்குப் பச்சைப் பெயின்ட்.
நாமக்கல்லில் படித்த காலத்துத் தமிழில்
எழுத்தெழுத்தாகச் சொன்னார்:
எலும்பு அல்ல. இரும்பு.

இரண்டே எழுத்துதான் வித்தியாசம்.
அதற்குள் இருந்தது என் பதினோரு மணி நேரம்.
எட்டேகாலுக்கு, கக்கதாசபுரம் ரயில்வே கேட் மூடும் முன் ஓடி,
மாரத்தஹள்ளியில் ஏழாம் மாடியில்
யார் யாருடைய கடன் தவணையையோ போனில் துரத்தி
நான் திரும்பும் வரை
மாடிப்படி கிரில்லுக்குப் பின்னால் அவன்.
கிண்ணம் நிறையத் தண்ணீர்.
என் வாசனைக்காக ஒரு பழைய நைட்டி.
போதும் என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி இரவிலும் ஷிப்ட் இருந்தது.

அதை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

வேர் சிகிச்சை செய்து உலோகத் தொப்பி போட்டால்
முப்பத்தெட்டாயிரம்.
பிடுங்கினால் பதினொன்று.
பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்
அங்கே நின்று பேலன்ஸ் பார்த்தேன்.
வந்து, பிடுங்கிவிடுங்கள் என்றேன்,
தவணைக்காரர்களிடம் பேசும் அதே குரலில்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல்லே இல்லாதவன்
பல்லால் பேசியிருக்கிறான்,
பகல் முழுக்க, ஒரு கம்பியிடம்.

முந்தின இரவு பத்துக்கு மேல் சோறு கூடாது என்றார்கள்.
நானும் சாப்பிடவில்லை.
அதனால் அவனுக்கு என்ன லாபம்?

திரும்பும்போது ஆட்டோவில்
மயக்கம் தெளியாத நாக்கு
என் சுடிதாரில் ஈரமாகக் கிடந்தது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்து
சத்தோய்த்தா மேடம்? என்றார்.
இல்லை இல்லை, பல்லு என்றேன். ஹல்லு.
ஓ, ஹல்லா என்று
பள்ளங்களில் மெதுவாக ஓட்டினார்.

ஒரு சின்ன டப்பாவில் பல்லைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.
வெளியே இருந்தது கொஞ்சம்தான்.
வேர் அதைவிட நீளம்,
வளைந்து, பழுத்த மஞ்சளில்.
குலுக்கினால் சத்தம் வருகிறது.
ஒரு முறைதான் குலுக்கினேன்.

இரவு கிரில்லுக்கு உள்பக்கம்
அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன்.
எதிர்வீட்டுச் செருப்புகள்.
பதினான்கு படிகள், அதற்குப் பின் சுவர்.
கீழிருந்து மூன்றாவது கம்பியில் பச்சை போய்
ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளியாய் மின்னுகிறது.
பால்காரர் பை மாட்டித் தேய்ந்தது என்றே
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு
நாவால் தொட்டேன்.
உப்பு.

தள்ளாடி எழுந்து வந்தான் சுண்டல்.
ஒரு பக்க உதடு உள்ளே மடங்கியிருந்தது.
என் முதுகில் முழு எடையையும் சாய்த்து
மறுபடி தூங்கிப்போனான்.

பத்து நாளைக்குக் குழைந்த சோறு.
சனிக்கிழமை வரை லீவு.
அந்த மாதிரிப் பல் அவனுக்கு இன்னும் மூன்று இருக்கிறது.
திங்கட்கிழமையும் இருக்கிறது.