பதிவு கிடையாது

ஹெக்ஸம் ஊருக்கு வெளியே, ஆலங்கட்டி மழை.
ஹெஸ்தர் பென்ரித் பேனாவை நீட்டினாள்:
"இவள் ஈனும் குட்டிகளுக்குப் பதிவு கிடையாது.
இடுப்பு எக்ஸ்ரே பார்த்துத் தடையை நீக்குவேன்.
நீக்காமலும் போவேன்."

ஐந்து தலைமுறைப் பெயர்கள்,
அடியில் சிவப்பு முத்திரை.
தாளின் ஓரத்தைக் குட்டி மென்றுகொண்டிருந்தது.
கையெழுத்திட்டேன்.

இரண்டாவது மார்ச்.
பக்கத்துப் பண்ணை நாய்
ஒப்பந்தம் படித்ததில்லை;
வேலி தாண்டத் தெரியும்.

ஆறு குட்டிகள்.
ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து.

போனில் திட்டினாள். வைத்தாள்.
இருட்டுவதற்குள் வந்து நின்றாள்.
வைக்கோலில் மண்டியிட்டு
ஒவ்வொன்றின் இடுப்பையும் நீவிப் பார்த்தாள்.

"இவள் பாட்டிக்கு நான்கு வயதில் எழ முடியவில்லை.
ஊசி போடும்போது
நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்."

மற்றதையெல்லாம் தாயிடம் விட்டாள்.
கறுப்புக் குட்டியைக்
கீழே விட மறந்திருந்தாள்.